ஜெப நேரத்தில் வந்த அழைப்பு

சுருட்டை என்கிற பெண் எழுதியது 'போன்' என்ற இரண்டே எழுத்துதான். அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லாமல் போயிருக்கும்.

ஆனால் அந்த உயர்நிலைப் பள்ளியில் எதையும் அப்படியே விடுகிற வழக்கம் கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற கத்தோலிக்கப் பள்ளி என்று வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போட்ட நாளிலிருந்து, அவர்கள் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதிலேயே பாதி ஆசிரியர்களின் காலம் கழிந்தது. மாடிக்கு இரண்டு படிக்கட்டு, தண்ணீர்க் குழாய் இரண்டு வரிசை, நூலகத்துக்கு ஒற்றை நாள் இரட்டை நாள் கணக்கு. இது போக ஒரு பழைய விதியும் இருந்தது. ஆளுக்கு ஒருவராகக் கூடவே வருகிற தேவதூதருக்குக் காவல் சம்மனசு என்று பெயர். ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் ஒரு காவல் சம்மனசு நிற்கிற அளவுக்கு இடம் விட வேண்டும். சம்மனசின் அகலம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று முன்பு இருந்த அதிபர் ஒருவர் தீர்மானித்து, அந்த நீளத்தில் மர அளவுகோல் செய்து வகுப்புக்கு ஒன்று கொடுத்திருந்தார்.

இந்த ஆண்டு துணை அதிபர் சிஸ்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பையனுக்கு ஒரு சம்மனசு, பெண்ணுக்கு ஒரு சம்மனசு. அப்படியானால் நடுவில் நிற்பது இரண்டு பேர் அல்லவா? ஆசிரியர் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. தொண்ணூறு சென்டிமீட்டர் என்று முடிவாகி எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில், பையனின் சம்மனசும் பெண்ணின் சம்மனசும் அவ்வளவு ஒட்டி நிற்கலாமா என்று யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். மறுபடி உட்கார்ந்து, அவர்களுக்கு நடுவிலும் இன்னொரு நாற்பத்தைந்து விட்டு, நூற்று முப்பத்தைந்து ஆக்கினார்கள். அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் சுருட்டை மேஜையின் ஒரு முனையிலும், அவளோடு சேர்ந்து சோதனை செய்ய வேண்டிய நெட்டை மறு முனையிலும் நின்றார்கள். மின்சாரம் எத்தனை ஆம்பியர் என்று அவன் கத்திச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள்.

சுருட்டை என்பது தலைமுடியால் வந்த பெயர். எத்தனை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினாலும் மூன்றாவது பாடவேளைக்குள் அது தன் இஷ்டத்துக்கு எழுந்துகொள்ளும். அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கிற வேலை. சின்ன வயதில் அம்மாவுக்காகக் காத்திருந்தபோது, எக்ஸ்ரே அறைக் கதவு திறந்து கிடக்க, விளக்குப் பெட்டியில் யாருடைய கை எலும்போ வெளிச்சமாகத் தெரிந்ததைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. எக்ஸ்ரே பயிற்சிக் கூடத்தில் ஆண்டுக்கு இருபது பேரைத்தான் எடுப்பார்கள். பரீட்சை எழுதிவிட்டுப் பதினோரு நாளாகச் சோறு இறங்காமல் திரிந்தாள்.

பரீட்சை முடிந்த பன்னிரண்டாம் நாள் ஒரு திங்கட்கிழமை. காலை ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் மணி அடிப்பதும் அலுவலகத்தில் கோப்பு எடுப்பதும் ஒரே ஆள். எல்லோருக்கும் அவர் மணியண்ணன். அவர் சிற்றாலயத்துக்குள் நுனிக்காலில் நடந்து வந்து, அவள் காதருகே குனிந்து, "உனக்கு போன் வந்திருக்கும்மா" என்றார். சுருட்டை அலுவலகத்துக்கு ஓட்டமாக ஓடினாள்.

"கெடச்சிருச்சுடி" என்றாள் மறுமுனையில் அம்மா. "உன்னைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. பதினஞ்சாம் தேதி நாலு மணிக்குள்ள ஸ்கூல்ல நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிட்டு வந்து சேரணுமாம்."

திரும்பி வந்தபோது அவள் கண்ணில் நீர் நிற்கவில்லை. முகம் ஜொலித்தது. கால் துவண்டதால் முழங்காலிட்டாள். அந்தக் கோலத்தை மூன்றாவது வரிசையிலிருந்து துணை அதிபர் சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபத்தின் நடுவே எழுந்து போனவர்கள் காரணப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். 'ஜெப நேரத்தில் போன் வந்தது. எழுந்து போனேன்' என்று சுருட்டை எழுதினாள். பதிவேட்டின் மொழியைத் திருத்துகிற பொறுப்பு தமிழ் ஐயாவுடையது. அவர் 'போன்' மேல் பேனாவை வைத்துக்கொண்டு, இது என்ன, பொன் என்று எழுதப் போய்க் கொம்பைச் சுழித்துவிட்டாயா என்று கேட்டார். அவள் தொலைபேசி என்று மாற்றட்டுமா என்றாள். தொலைபேசி என்பது கருவி, கருவி கால் முளைத்து எழுந்து வருமா, வந்தது கருவி அல்ல, அழைப்பு என்று அவர் விளக்கினார். அடித்துவிட்டுத் தன் அழகான கையெழுத்தில் அவரே எழுதினார்: 'ஜெப நேரத்தில் அழைப்பு வந்தது. எழுந்து போனேன்.' வாக்கியத்தைத் தள்ளி வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

இங்கே இன்னொரு விவரம் சொல்லியாக வேண்டும். துறவியாக வரும்படி கடவுள் ஒருவரைக் கூப்பிடுவதற்குத் தேவ அழைத்தல் என்று பெயர். ஆண்டுதோறும் ஆயர் என்கிற பிஷப்பின் இல்லத்திலிருந்து பள்ளிகளுக்கு ஒரு படிவம் வரும். உங்கள் பள்ளியில் இந்த ஆண்டு எத்தனை அழைத்தல்கள்? அதிகம் உள்ள பள்ளிக்கு ஒரு கேடயம். எதிர்ச் சாரியில் இருந்த கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளி மூன்று, நான்கு என்று அள்ளிக்கொண்டிருந்தது. இந்தப் பள்ளியின் படிவத்தில் ஒன்பது ஆண்டாக 'இல்லை' என்றுதான் எழுதி அனுப்பினார்கள். அதிபர் பாதர் கூட்டங்களுக்குப் போனால், மற்ற அதிபர்கள் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். அந்த அன்பை அவரால் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டினார். புதன்கிழமை சுருட்டை அதிபர் அறையில் நின்றாள்.

அதிபர் பாதர் அவளை உட்காரச் சொன்னார். அந்த அறையில் எந்த மாணவரும் இதுவரை உட்கார்ந்ததில்லை என்பதால் எந்த நாற்காலி என்று அவளுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டார்.

"அழைப்பு வந்ததாமே" என்றார் பாதர், மெதுவாக.

"ஆமா பாதர். ஜெப நேரத்துல போனது தப்புதான்."

"தப்பே இல்ல. குரல் எப்படி இருந்துச்சு?"

"அம்மா குரல்தான் பாதர்."

பாதரும் சிஸ்டரும் ஒரே நேரத்தில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். 'தேவ அன்னையின் குரல்' என்று சிஸ்டர் எழுதினார்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"தேர்ந்தெடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. பதினஞ்சாம் தேதிக்குள்ள வரணும்னு."

பாதர் எழுந்து ஜன்னலருகே போய்விட்டார். பதினைந்தாம் தேதி காலையில்தான் ஆயர் பள்ளிக்கு வருகிறார். அந்தத் தேதி அப்போது பாதருக்கும் சிஸ்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சுருட்டைக்கும் தெரியாது என்பதுதான் அவளுக்கு எதிரான பெரிய சாட்சியம் ஆயிற்று.

அவளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும், அது போன் பாதர், பேசினது எங்கம்மா, எக்ஸ்ரே படிக்க இடம் கிடைத்திருக்கிறது, சான்றிதழ் வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். சிஸ்டர் தலையாட்டிக்கொண்டே 'அழைத்தல் வழிகாட்டி' என்ற சின்னப் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தைத் திறந்தார். அழைக்கப்பட்டவரின் முதல் அடையாளம் மறுப்பது. தீர்க்கதரிசிகள் எல்லோரும் மறுத்திருக்கிறார்கள். பக்கத்தின் கீழே மூன்று கட்டங்கள் இருந்தன: முதல் மறுப்பு, இரண்டாம் மறுப்பு, மூன்றாம் மறுப்பு. மூன்றும் நிறைந்தால் அழைத்தல் உறுதி.

"இல்ல சிஸ்டர்" என்றாள் சுருட்டை. சிஸ்டர் ஒரு கட்டத்தில் குறியிட்டார். "நெஜமாவே இல்ல சிஸ்டர்." இரண்டாவது கட்டம். மூன்றாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மௌன மறுப்பும் மறுப்பே என்று அடிக்குறிப்பு இருந்தது.

அன்று மாலையே தாழ்வாரத்தில் அவளுடைய புகைப்படம் தொங்கியது. முடியைப் படத்தில் எப்படியோ படிய வைத்திருந்தார்கள்.

மறுநாளிலிருந்து வகுப்பில் அவளுக்குத் தனி நாற்காலி. நூற்று முப்பத்தைந்து சென்டிமீட்டர் அவளுக்குப் போதாது என்று, அவள் இருக்கிற மாடியில் பையன்கள் இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. நெட்டையும் மற்ற பையன்களும் மரத்தடியில் உட்கார்ந்து படித்தார்கள். அறிவியல் பாடத்திலிருந்து அவளுக்கு விலக்கு கொடுத்தார்கள். எலும்பைப் பற்றி இனி உனக்கு என்ன கவலை என்று சிஸ்டர் பரிவோடு கேட்டார். அந்தப் பாடவேளையில் அவள் சிற்றாலயத்துப் பித்தளை விளக்குத்தண்டுகளைத் துலக்கினாள். சுருண்டு எழுகிற முடிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி கட்டிவிட்டார்கள். அது அவிழ அவிழக் கட்டுவதற்கென்று எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பெண்களை நியமித்தார்கள்.

ஒரு பெண் வந்து, நாளைக்குக் கணக்குப் பரீட்சை நடக்கக் கூடாதென்று வேண்டிக்கொள்ளும்படி கேட்டாள். சுருட்டை போடி என்று விரட்டிவிட்டாள். மறுநாள் கணக்கு ஆசிரியர் காய்ச்சல் என்று வரவில்லை. அதன் பிறகு மதிய இடைவேளையில் அவள் முன்னால் வரிசை நின்றது. ஆசிரியர்கள்கூட அவளிடம் ஒரு மாதிரி ஜாக்கிரதையாகப் பேசினார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் தனக்கு முதுகுவலி என்று தானாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் அவளோடு சண்டை போடவில்லை. யாரும் அவள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து ஊர் வம்பு பேசிய சிநேகிதிகள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. நான் அதே ஆளுதான்டி என்று ஒருத்தியின் கையைப் பிடித்துச் சொன்னபோது, அந்தப் பெண் பிடித்த கையை முத்தமிட்டுவிட்டுப் போனாள். சுருட்டை கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது அந்த இரண்டு எட்டாம் வகுப்புப் பெண்கள் துணியோடு நின்றார்கள்.

பதின்மூன்றாம் தேதி அலுவலகத்துக்குப் போய் மணியண்ணனிடம் சான்றிதழ் கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் கோப்பு என்கிட்ட இல்லம்மா. அழைக்கப்பட்டவங்க அலமாரிக்கு மாத்திட்டாங்க."

"அந்த அலமாரிச் சாவி?"

"பூட்டின கையோட ஆயர் இல்லத்துக்கு அனுப்பிட்டாங்க. ஒம்பது வருஷமா காலியா இருந்த அலமாரி. உன் ஒரு கோப்புதான் உள்ள கெடக்கு."

வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். அழைத்தல் பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை எடுக்க ஒரே ஒரு வழி இருந்தது. பெரிய ஒழுக்கக் கேடு ஏதாவது செய்து பிடிபட வேண்டும். அப்படிப் பிடிபட்டால் கோப்பு அன்றே திரும்பி வந்துவிடும். ஆனால் ஒழுக்கக் கேடு செய்தவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது. இதைச் சொல்லி முடித்துவிட்டு மணியண்ணன் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

சுருட்டை கடைசி நம்பிக்கையாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா அரைநாள் விடுப்பு எடுத்து, நல்ல சேலை கட்டி, சோடா உப்பில் வெந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பாதர் முன்னால் நின்றாள். வழியெல்லாம் இரண்டு பேரும் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அம்மா அதைச் சொல்லியும் விட்டாள்.

"அந்த போன் பண்ணது நான்தான் பாதர்."

பாதர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அம்மா தைரியமாக நின்றிருப்பாள்.

"நீங்கதான் பண்ணீங்க. நான் மறுக்கல" என்றார் பாதர். "உங்களைப் பண்ண வெச்சது யாருன்னு யோசிச்சீங்களா? அன்னைக்கு ஏன் ஜெப நேரத்துல பண்ணீங்க? பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணியிருக்கலாமே."

"வார்டுல போன் அப்பதான் கெடச்சுது பாதர்."

"அப்பதான் கெடச்சுது. பாருங்க. அது எப்படி அப்ப மட்டும் கெடச்சுது?"

பாதர் தொடர்ந்து பேசினார். இந்தப் பள்ளியின் ஒன்பது ஆண்டு ஜெபத்துக்குக் கிடைத்த பதில் உங்கள் பிள்ளை என்றார். நான் எனக்காகக் கேட்கவில்லை, கேடயத்துக்காகவும் கேட்கவில்லை என்றார். கேடயத்தை வைக்கப்போகிற கண்ணாடிப் பெட்டி அவருக்குப் பின்னாலேயே இருந்தது. அதை நேற்றுத்தான் துடைத்திருந்தார்கள். எதிர்ச் சாரிப் பள்ளியில் கூப்பிட்ட குரலுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டே வருஷத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள், நம் பிள்ளை அப்படி அல்ல, உறுதியாக மறுக்கிறாள் என்று பெருமையோடு சொன்னார். கடைசியில் அவர் கையை நீட்டினார். அம்மா முத்தமிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், கறிகாய்க் கடையைத் தாண்டியதும் அம்மா நின்று, "ஒருவேளை நெஜமா இருக்குமோடி?" என்றாள்.

பாதரையும் சிஸ்டரையும் சுருட்டை சமாளித்துவிடுவாள். பெற்றவளே தான் போட்ட போனைச் சந்தேகப்பட்டால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வது? நீதானேம்மா பேசினே, சர்க்கரை வாங்கிட்டு வரச் சொல்லிக்கூட சொன்னியே என்றாள் ஆத்திரமாக. அம்மா அதற்கும் யோசித்தாள். ஆமாம், சொன்னேன், ஆனால் ஏன் அன்றைக்கு அவ்வளவு அவசரமாக போன் பண்ணத் தோன்றியது என்று தனக்கே தெரியவில்லை என்றாள்.

பதினைந்தாம் தேதி வெயில் எட்டு மணிக்கே கொளுத்தியது. ஆயர் பத்து மணிக்கு வருவதால் பிள்ளைகளை ஏழரைக்கே மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் சம்மனசுகளுக்கு ஒரு சாலையே விட்டிருந்தார்கள். எங்கெங்கே கை தட்ட வேண்டும் என்று மூன்று நாள் ஒத்திகை நடந்திருந்தது. பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

அதிபர் பாதர் வரவேற்றுப் பேசினார். இந்தப் பள்ளியில் கடவுள் பேசுவதற்கு ஏற்ற ஒழுங்கான சூழலை நாங்கள் உருவாக்கி வைத்திருக்கிறோம், அவர் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், பதிவேடு தயாராக இருக்கிறது என்றார். கைத்தட்டல். பிறகு சாட்சியம் சொல்ல சுருட்டையைக் கூப்பிட்டார். சிஸ்டர் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கம் அவள் கையில் இருந்தது. ஆயர் வயதானவர், களைத்துப்போன, சாதுவான முகம். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் காகிதத்தை நான்காக மடித்தாள்.

"அது போன்" என்றாள் ஒலிபெருக்கியில். "பண்ணது எங்கம்மா. நான் எக்ஸ்ரே படிக்கப் போறேன்."

மூச்சு வாங்க நிறுத்தினாள். எண்ணூறு பேரும் கை தட்டினார்கள். ஒத்திகை அப்படி. முதல் வரிசையில் அம்மாவும் தட்டினாள். எதற்கு என்று தெரிந்து தட்டினாளா, எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டினாளா என்று மேடையிலிருந்து சுருட்டைக்குத் தெரியவில்லை.

எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியவர் ஆயர்தான். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைய விடுங்க பாதர்" என்றார். பக்கத்தில் இருந்த தன் செயலாளரிடம் அலமாரிச் சாவியையும் கொடுத்துவிடச் சொன்னார். அப்படியானால் படிவத்தில் 'இல்லை' என்றே போட்டுவிடலாமா என்று செயலாளர் கேட்டார். அதிபர் பாதரின் முகம் இருண்டது. அந்த நேரத்தில், மூன்று மணி நேரமாக வெயிலில் நின்ற நெட்டை, கண் இருட்டி, கால் மடங்கி, மைதானத்து மண்ணில் முழங்காலில் விழுந்தான். சிஸ்டர் வழிகாட்டியைத் திறந்தபடி அவனை நோக்கி ஓடினார். அவனுக்கு நினைவு திரும்பி "தண்ணி" என்று கேட்டபோது, 'ஜீவத் தண்ணீர் கேட்டான்' என்று எழுதப்பட்டுவிட்டது. சுருட்டை அவனிடம் போகப் பார்த்தாள். நடுவில் இருந்த சம்மனசுகளின் சாலையைத் தாண்ட அவளை விடவில்லை.

அதிபர் பாதர் சான்றிதழைத் தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார். அவர் பொய் எழுதுகிற மனிதர் அல்ல. அதைத்தான் அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வார். உறையை ஒட்டி, அரக்கு வைத்து, அங்கே போய்ப் பிரித்தால் போதும் என்றார். மணி இரண்டே கால். அம்மாவும் மகளும் இரண்டு பேருந்து மாறி, கடைசித் தெருவில் ஓடி, மூன்று ஐம்பதுக்குப் பயிற்சிக் கூடத்தின் அலுவலக மேஜை முன்னால் வந்து நின்றார்கள். பத்தொன்பது பேர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தார்கள். இருபதாவது ஆள் வராவிட்டால் இடம் பிடிக்க, காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒரு பெண் தன் அப்பாவோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

சேர்க்கை அலுவலர் உறையைக் கிழித்துப் படித்தார். இன்னொரு முறை படித்துவிட்டுத் தாளை அவர்கள் பக்கம் திருப்பினார்.

'அழைக்கப்பட்டும் வர மறுத்தவர். மற்றபடி நடத்தை நன்று.'

"இது ஆஸ்பத்திரி வேலைம்மா" என்றார் அலுவலர். "விபத்துன்னு கூப்பிட்டா அடுத்த நிமிஷம் வந்து நிக்கணும். இந்தப் பொண்ணு கூப்பிட்டா வராதுன்னு உங்க ஸ்கூலே எழுதிக் குடுத்திருக்கு. நான் என்ன பண்றது?"

சுருட்டை விளக்கினாள். பதிவேடு, தமிழ் ஐயா, தேவ அழைத்தல், மூன்று கட்டங்கள், கேடயம், சம்மனசு என்று விளக்க விளக்க, அலுவலர் தன் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்திக்கொண்டார். அவர் கண் ஒருமுறை கடிகாரத்துக்கும் ஒருமுறை சுவரோரப் பெண்ணுக்கும் போய் வந்தது. சுருட்டை இத்தனை நாள் உண்மையைத்தான் சொன்னாள். அது எந்த மேஜையிலும் விலை போகவில்லை.

அம்மா முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். சோடா உப்பில் வெளுத்து, தோல் உரிந்த கை.

"அவளைக் கூப்பிட்டது நான் சார்" என்றாள். "வேற யாரும் கூப்பிடல. நான் ஒரு தடவதான் கூப்பிட்டேன். ஜெபத்துல இருந்தவ எந்திரிச்சு ஓடி வந்தா. எங்க பாதர் முன்னால இதைச் சொல்லிட்டு அப்புறம் பயந்துட்டேன். இப்ப பயப்படல."

அலுவலர் அவளையே பார்த்தார். வாயால் சொன்னால் கோப்பில் சேராது, கூப்பிட்டவர் எழுத்தில் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அம்மா காகிதம் கேட்டாள். வார்டுக்கு எத்தனை விரிப்பு, எத்தனை உறை என்பதைத் தவிர அவள் வேறெதையும் எழுதிப் பல ஆண்டாகிறது. சுருட்டை சொல்லித் தரக் குனிந்தபோது, வேண்டாம் என்று முழங்கையால் தள்ளினாள். கடிகாரத்தில் முள் நகர நகர, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

'கூப்பிட்டது நான். என் மகள் வந்தாள்.'

"கீழ கையெழுத்து" என்றார் அலுவலர். "பக்கத்துல பதவி."

அம்மா கையெழுத்துப் போட்டாள். பதவி என்றதும் பேனா நின்றது. இரண்டு நாளாகக் கூப்பிட்டவரின் இடத்தில் யார் யாரையோ வைத்துப் பார்த்து மருண்டவள்தான். சுருட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, 'அம்மா' என்று எழுதினாள்.

அலுவலர் தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சொல்லின்மேல் சேர்க்கை முத்திரை குத்தினார்.